இடம் கிடைத்ததா, பணம் கிடைத்ததா: மேற்படிப்பு முடிவுகளுக்குக் காத்திருக்கும் பெங்களூர்த் தமிழ் மாணவர்களுக்கு

டிசம்பரில் விண்ணப்பங்களை அனுப்பிவிட்டு ஏப்ரல் வரை காத்திருக்கும் மாணவர்கள் பெங்களூரில் ஒவ்வோர் ஆண்டும் ஏராளம். அவர்களில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கு, கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் முன்னால் போன அண்ணனோ அக்காவோ இல்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இந்த நடைமுறையே புதிது. அவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நடைமுறையை முதன்மையாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்; பலர் விண்ணப்பிப்பது அங்கேதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு வர வேண்டிய செய்திகள் இரண்டு. இடம் உண்டு என்பது ஒன்று. பணம் எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த நிபந்தனையில் என்பது இன்னொன்று. சில துறைகள் இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதும். வேறு சில துறைகள் நிதி பற்றிய கடிதத்தைப் பல நாட்கள் கழித்துத்தான் அனுப்பும். முதல் செய்தி வந்ததும் வீட்டில் இனிப்பு வாங்குங்கள், கோயிலுக்குப் போய் வாருங்கள். மகிழ்ச்சியைத் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் இரண்டாவது செய்தியை வரிக்கு வரி படிக்கும்வரை யாருக்கும் சம்மதம் எழுதாதீர்கள், வேலையை விடாதீர்கள், வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

பகலில் பார்த்துப் பயனில்லை

குளிர்காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரை நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே காலை 9 முதல் மாலை 5 வரை என்பது நமக்கு இரவு 7.30 முதல் அதிகாலை 3.30 வரை. கலிஃபோர்னியா பக்கம் என்றால் இரவு 10.30 முதல் காலை 6.30 வரை. மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள். அதன் பிறகு எல்லாம் நமக்கு ஒரு மணி நேரம் முன்னதாக நடக்கும்.

இதன் பொருள் என்ன? நீங்கள் ஒயிட்ஃபீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ அலுவலகத்தில் உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்து திறந்து பார்க்கும் அந்தப் பகல் முழுவதும், உங்கள் விண்ணப்பத்தைக் கையாளும் அலுவலர் தூங்கிக்கொண்டிருக்கிறார். காலை 7 மணிக்கு ஒரு முறை பாருங்கள். முந்தைய இரவு அனுப்பப்பட்டது எதுவாக இருந்தாலும் அதற்குள் வந்துவிட்டிருக்கும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு முறை போதும். நடுவில் மின்னஞ்சல் அறிவிப்பு ஒலியை அணைத்துவையுங்கள். முடிவு சொல்லும் மின்னஞ்சலில் பெரும்பாலும் முடிவு இருக்காது. 'உங்கள் விண்ணப்பத்தின் நிலை மாறியிருக்கிறது' என்ற ஒரு வரிதான் இருக்கும். பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத் தளத்துக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். குப்பை அஞ்சல் பகுதியையும் காலையில் ஒரு பார்வை பாருங்கள், நேர்காணல் அழைப்புகள் அங்கே போய் மாட்டிக்கொள்வதுண்டு.

பிஎச்.டி. விண்ணப்பமானால் ஜனவரி, பிப்ரவரியில் காணொளி நேர்காணல் வரலாம். அது நமக்கு இரவில்தான் அமையும். பேயிங் கெஸ்ட் (பி.ஜி.) விடுதியில் இருப்பவர்கள் அமைதியான ஓர் அறையை முன்கூட்டியே பேசி வையுங்கள். மின்சாரம் போனால் கைப்பேசி இணையத்தில் தொடர ஆயத்தமாக இருங்கள்.

ஜனவரியிலேயே வீட்டில் ஒரு தொகையை முடிவு செய்யுங்கள்

கடிதம் வந்த பிறகு குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்குப் போட்டால் கணக்கு சரியாக வராது. நல்ல பெயருள்ள பல்கலைக்கழகத்தின் கடிதம் கையில் இருக்கும்போது எந்தத் தகப்பனுக்கும் 'முடியாது' என்று சொல்ல மனம் வராது. அதனால் எந்தக் கடிதமும் வராத ஜனவரியிலேயே பேசுங்கள். நிதியுதவி இல்லாத எம்.எஸ். (முதுகலை) இடம் வந்தால் அதிகபட்சம் எத்தனை லட்சம் கடன் வாங்கலாம்? அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

எண்ணை எட்டுவதற்கு ஒரு கணக்கு: 40 லட்சம் ரூபாய் கடன், 10.5 சதவீத வட்டி, 10 ஆண்டில் திருப்பிச் செலுத்துவது என்றால் மாதத் தவணை சுமார் 54,000 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. அதைச் சேர்த்தால் தவணை இன்னும் கூடும். படிப்பு முடிந்து அங்கே வேலை கிடைத்தால் இந்தத் தொகை பெரிதில்லை. அங்கே வேலை கிடைக்காமல் பெங்களூருக்கே திரும்ப நேர்ந்தால் இங்குள்ள சம்பளத்தில் மாதம் 54,000 கட்ட முடியுமா? இந்தக் கேள்விக்கு 'முடியும்' என்று பதில் சொல்லக்கூடிய தொகைதான் உங்கள் உச்ச வரம்பு. அப்பாவின் ஓய்வுக்கால வைப்புநிதியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பத்திரங்களை இப்போதே எடுத்துப் பாருங்கள்

காத்திருக்கும் மாதங்களில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இதுதான். இதைத்தான் பலரும் மே மாதம் வரை தள்ளிப்போடுகிறார்கள்.

பொதுத்துறை வங்கிகளின் வழக்கமான கல்விக்கடன் திட்டங்களில் 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் சொத்தை ஈடாகக் கேட்பார்கள். தேர்ந்தெடுத்த சில பல்கலைக்கழகங்களுக்கு ஈடில்லாமலே கூடுதல் தொகை தரும் திட்டங்களும் உண்டு. உங்கள் பட்டியலில் உள்ள பல்கலைக்கழகங்கள் அதில் இருக்கின்றனவா என்று கேட்டுவிடுங்கள். தனியார் நிதி நிறுவனங்கள் ஈடின்றித் தருகின்றன, ஆனால் வட்டி பொதுவாகக் கூடுதல். வித்யாலட்சுமி இணையதளத்தில் பல வங்கிகளின் திட்டங்களை ஒரே இடத்தில் பார்க்கலாம்.

பெங்களூரில் வாழும் நம் குடும்பங்களுக்குச் சொத்து என்று இருப்பது பெரும்பாலும் ஊரில்தான்: கிருஷ்ணகிரியிலோ வேலூரிலோ திருவண்ணாமலையிலோ ஒரு வீடு. பெங்களூர்க் கிளை வேறு மாநிலச் சொத்தை ஏற்குமா என்பதை முதலில் கேளுங்கள். தயங்கினால், சொத்து இருக்கும் ஊரின் கிளையிலேயே விண்ணப்பிப்பது வேலையைச் சுலபமாக்கும். வங்கியின் வழக்கறிஞரும் மதிப்பீட்டாளரும் அங்கேயே இருப்பார்கள். விவசாய நிலத்தைக் கல்விக்கடனுக்கு ஈடாக வங்கிகள் பொதுவாக ஏற்பதில்லை. பெங்களூரிலேயே மனை இருந்தால் அது மாநகராட்சிப் பதிவேட்டில் ஏ-காத்தாவா (விதிகளுக்கு உட்பட்டது) பி-காத்தாவா (முறையான அனுமதி முழுதாக இல்லாதது) என்று பாருங்கள். பி-காத்தா என்றால் வங்கி தயங்கும்.

மூலப் பத்திரம், பட்டா, சொத்துவரி ரசீது, வில்லங்கச் சான்று ஆகியவற்றை எடுத்து அடுக்குங்கள். 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று கேட்கும் வங்கிகள் உண்டு. தமிழ்நாட்டுச் சொத்துக்கு அம்மாநிலப் பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கலாம். கர்நாடகச் சொத்துக்குக் காவேரி இணையதளம்.

உண்மையான சிக்கல் வருவது வீடு இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும்போது. தாத்தா உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், சித்தப்பா பெரியப்பாவுக்கு மட்டுமல்ல, அத்தைகளுக்கும் அதில் பங்கு உண்டு. வாரிசுச் சான்று வேண்டும். பாகப்பிரிவினையோ, தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பதிவாக வேண்டும். ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும். சேலத்தில் ஓர் அத்தையும் மும்பையில் ஒரு சித்தப்பாவும் இருந்தால் எல்லோரும் ஒரே நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வருவதற்கே நாள் பார்க்க வேண்டியிருக்கும். இது இரண்டு வாரத்தில் முடியும் வேலை இல்லை. அதைவிட முக்கியமாக, இது உறவினரிடம் பணிவாகக் கேட்க வேண்டிய விஷயம். 'விசாவுக்கு நாள் நெருங்கிவிட்டது, உடனே கையெழுத்துப் போடுங்கள்' என்று போய் நிற்கும்போது பழைய மனத்தாங்கல்கள் எல்லாம் மேலே வரும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அப்பாவைப் பேச்சை எடுக்கச் சொல்லுங்கள். கடன் கடைசியில் தேவைப்படாமல் போனாலும், குடும்பத்துக்குச் சொத்தின் ஆவணங்கள் சீராகும்.

அறக்கட்டளைகளின் உதவியையும் இந்த மாதங்களிலேயே தேட வேண்டும். 1892இல் தொடங்கிய ஜே.என். டாட்டா எண்டோமெண்ட், நரோத்தம் சேக்சாரியா அறக்கட்டளை, கே.சி. மஹிந்திரா அறக்கட்டளை ஆகியவை வெளிநாட்டு மேற்படிப்புக்குக் கடன் உதவித்தொகை, அதாவது பின்னர் திருப்பிச் செலுத்த வேண்டிய உதவி, தருகின்றன. பல்கலைக்கழக முடிவு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் இவற்றின் கடைசி நாள் போய்விடும். இன்றே அவர்கள் இணையதளத்தைப் பார்த்து நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிதிக் கடிதத்தைப் படிக்கும் முறை

பிஎச்.டி. இடங்களுக்குப் பெரும்பாலும் நிதியுதவி இருக்கும், எம்.எஸ். இடங்களுக்குப் பெரும்பாலும் இருக்காது. நிதி மூன்று வடிவங்களில் வரும்: வேலை எதுவும் கேட்காத ஃபெலோஷிப், இளங்கலை மாணவர்களுக்குக் கற்பிக்க உதவும் டீச்சிங் அசிஸ்டன்ட்ஷிப், ஒரு பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்திலிருந்து வரும் ரிசர்ச் அசிஸ்டன்ட்ஷிப். மூன்றாவது வகையில் பேராசிரியரின் மானியம் எதுவரை இருக்கிறது என்பது உங்கள் வாழ்க்கையைத் தொடும் கேள்வி. 2025இல் அமெரிக்க அரசின் ஆய்வு நிதி நிச்சயமற்றுப் போனபோது பல பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. சேர்க்கையைக் குறைத்தன, கொடுத்த இடத்தைத் திரும்பப் பெற்ற இடங்களும் உண்டு. எனவே 'மானியம் நின்றால் துறை என்னைத் தாங்குமா?' என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

கடிதத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகையைப் பார்த்து மயங்காமல் கீழே இறங்குங்கள். தொகை 9 மாதத்துக்கா, 12 மாதத்துக்கா? எடுத்துக்காட்டாக, 9 மாதத்துக்கு 30,000 டாலர் என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். கோடைக்கு எதுவும் இல்லை என்றால் ஆண்டு முழுவதற்கும் அதுதான். கல்விக் கட்டணம் தள்ளுபடி என்றாலும் 'மாணவர் கட்டணம்' என்று தனியாக 2,000 டாலர் கேட்கலாம். மருத்துவக் காப்பீட்டுக்கு 3,000 டாலர் உங்கள் கையிலிருந்தே போகலாம். மீதி 25,000. மாதத்துக்கு ஏறத்தாழ 2,080. வருமான வரி இதற்கு மேல். அதே நாளில் இன்னொரு பல்கலைக்கழகம் 12 மாதத்துக்கு 28,000 டாலரும் காப்பீடும் தந்து, மாணவர் கட்டணத்தையும் தானே ஏற்றால், சிறிய எண்ணைக் காட்டும் அந்தக் கடிதம்தான் பெரியது. வரி விஷயத்தில் நமக்குச் சில ஆறுதல்கள் உண்டு: இந்தியா-அமெரிக்க வரி உடன்படிக்கையின்படி இந்திய மாணவர்கள் நிலையான கழிவை (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) கோரலாம், எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்குச் சமூகப் பாதுகாப்பு வரி கிடையாது.

ரூபாயில் மாற்றிப் பார்த்து மகிழ வேண்டாம். அந்த ஊரின் வாடகையோடு ஒப்பிடுங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) நடத்தும் வாழ்க்கைச் செலவுக் கணக்கீட்டுத் தளத்தில் அமெரிக்காவின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு மதிப்பீடு கிடைக்கும். பாஸ்டனில் நெருக்கடியாக இருக்கும் தொகை ஒரு சிறிய கல்லூரி நகரத்தில் நிம்மதியாகப் போதும்.

துறையின் சேர்க்கை ஒருங்கிணைப்பாளருக்கு ஒரே மின்னஞ்சலில் இவற்றைக் கேளுங்கள்: உறுதியளிக்கப்பட்ட நிதி எத்தனை ஆண்டுகளுக்கு, கோடைக்கால ஊதியம் உண்டா, கட்டணமும் காப்பீடும் யார் பொறுப்பு, வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை, முதல் சம்பளம் எந்தத் தேதியில் வரும். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ஆகஸ்டில் போய் இறங்கி முதல் சம்பளம் செப்டம்பர் இறுதியில் வந்தால், வாடகை முன்பணமும் முதல் மாதச் செலவும் இங்கிருந்துதான் போக வேண்டும்.

பிறகு இப்போது அங்கே படிக்கும் மாணவர் இருவரிடம் பேசுங்கள். அந்தப் பேராசிரியரிடம் படிப்பு முடிக்க எத்தனை ஆண்டு ஆகிறது, ஊதியம் காலத்தில் வருகிறதா என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

ஏப்ரல் 15

அமெரிக்கப் பட்டமேற்படிப்புக் கல்வி மன்றத்தின் (கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ்) தீர்மானம் ஒன்று இருக்கிறது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு கொடுக்கும் இடத்துக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. 'ஒரு வாரத்தில் முடிவைச் சொல்' என்று நெருக்கினால், பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தீர்மானத்தைக் குறிப்பிட்டு மரியாதையாக அவகாசம் கேளுங்கள். நிதியுதவி இல்லாத எம்.எஸ். இடங்களுக்கு இது பொருந்தாது. அவை முன்பணம் கட்டச் சொல்லும் நாளும், அது திரும்பக் கிடைக்காது என்ற வரியும் அந்தக் கடிதத்திலேயே இருக்கும்.

'இன்னும் பதில் வரவில்லையா?' என்று கேட்கும் மாமாவுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இந்தத் தேதியையே சொல்லுங்கள். 'ஏப்ரல் 15க்குப் பிறகுதான் முழுதாகத் தெரியும்' என்று ஒரே பதிலை வீட்டில் எல்லோரும் சொன்னால் கேள்விகள் குறையும்.

கையில் இரண்டு இடங்கள் வந்ததும், நிச்சயம் போகாத ஒன்றை உடனே மறுத்து எழுதிவிடுங்கள். நீங்கள் விடும் இடம் காத்திருப்புப் பட்டியலில் உள்ள இன்னொருவருக்குப் போகும். அவரும் இப்படித்தான் எங்கோ காலை 7 மணிக்குக் கைப்பேசியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

நீங்களே காத்திருப்புப் பட்டியலில் இருந்தால், இடம் கிடைத்தால் வருவேன் என்பதையும் டிசம்பருக்குப் பிறகு நடந்த புதிய செய்தியையும் சேர்த்து ஒரு கடிதம் எழுதுங்கள்: ஏற்கப்பட்ட ஆய்வுக் கட்டுரை, கடைசிப் பருவ மதிப்பெண், அவ்வளவுதான். பட்டியல் அதிகம் நகர்வது ஏப்ரல் 15ஐ ஒட்டிய நாட்களில். மார்ச் இறுதிவரை எந்தப் பதிலும் வராத துறைக்கு இரண்டு வரியில் ஒரு முறை கேட்கலாம். பேராசிரியருக்குத் திரும்பத் திரும்ப எழுத வேண்டாம்.

இந்த ஊரிலேயே இருக்கும் வாசல்கள்

வெளிநாட்டு முடிவுக்குக் காத்திருக்கும்போது பெங்களூரின் நிறுவனங்களை மறந்துவிடுகிறோம். இந்திய அறிவியல் கழகம், ஜக்கூரில் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம், சதாசிவநகரில் ராமன் ஆய்வு நிறுவனம், ஜி.கே.வி.கே. வளாகத்தில் தேசிய உயிரியல் ஆய்வு மையம் என்று உலகம் மதிக்கும் இடங்கள் பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கின்றன. பொறியியல், அறிவியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வு முடிவு மார்ச்சில் வருகிறது, அதன் மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) 42,000; வீட்டு வாடகைப் படி தனி. கடனில்லாமல் ஆய்வு செய்ய இது போதும் என்று நினைக்கிறேன். இவற்றின் விண்ணப்ப நாட்கள் நீங்கள் அமெரிக்காவை நினைத்துப் படபடத்துக்கொண்டிருக்கும் அதே மாதங்களில் வருகின்றன. தவறவிடாதீர்கள்.

உறக்கம்

இரவு 2 மணிக்கு விழித்துப் பார்ப்பதால் எந்த முடிவும் மாறுவதில்லை. கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் அல்சூர் ஏரிப் பக்கமோ கப்பன் பூங்காவிலோ நடந்துவிட்டு வாருங்கள். தொடர்ந்து சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் சேவையை அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவசச் சேவை அது. நம் ஊர் நிம்ஹான்ஸ்தான் அதன் தலைமை மையம். தமிழிலேயே பேசலாம். பிள்ளை அறையை விட்டு வராமல் இருப்பதைப் பார்க்கும் பெற்றோரும் அழைக்கலாம்.

சம்மதம் எழுதிய பிறகு

பல்கலைக்கழகம் விசாவுக்காக அனுப்பும் ஐ-20 படிவம் வந்ததும் 350 டாலர் செவிஸ் கட்டணம் (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேட்டுக்கான கட்டணம்) கட்டி, விசா நேர்காணலுக்கு உடனே நாள் பிடியுங்கள். 2025 மே இறுதியில் மாணவர் விசாவுக்குப் புதிய நாள் ஒதுக்குவதைச் சில வாரங்கள் நிறுத்தியிருந்தார்கள். ஜூனுக்குத் தள்ளிவைத்தவர்கள் அப்போது மிகவும் தவித்தார்கள். பெங்களூரில் அமெரிக்கத் துணைத் தூதரகம் 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது, ஆனால் விசாச் சேவை அப்போதே தொடங்கவில்லை. நாள் பிடிக்கும்போது எந்தெந்த ஊர் காட்டுகிறது என்று பாருங்கள். சென்னை என்றால் முந்தைய நாளே ரயில் ஏறி, அண்ணா சாலைப் பக்கம் உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள்.

வேலையில் இருப்பவர்கள் நாளைப் பின்னோக்கி எண்ண வேண்டும். ஐ.டி. நிறுவனங்களில் 90 நாள் முன்னறிவிப்புக் காலம் சாதாரணம். ஆகஸ்ட் நடுவில் வகுப்பு என்றால் மே முதல் வாரத்தில் கடிதம் கொடுக்க வேண்டும், விசா அதற்குள் வந்திருக்காது. முன்னறிவிப்பு நாட்களைப் பணம் கட்டிக் குறைக்க முடியுமா என்று மனிதவளத் துறையிடம் ஏப்ரலிலேயே கேளுங்கள். வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். வீட்டு உரிமையாளருக்கு எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், முன்பணத்தில் வண்ணம் பூசும் செலவு எவ்வளவு பிடிப்பார் என்பது அதில் இருக்கும். விமான டிக்கெட் அந்தப் பணத்தில்தான் வரப்போகிறது என்றால் இது சிறிய விஷயமில்லை.

எங்குமே இடம் வரவில்லை என்றால், அல்லது வந்த இடத்துக்குத் தாளில் எழுதிய தொகை போதவில்லை என்றால், அடுத்த சுற்றுக்கான வேலை மே மாதமே தொடங்குகிறது. ஜி.ஆர்.இ. மதிப்பெண் 5 ஆண்டு செல்லும், டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண்கள் 2 ஆண்டு. பரிந்துரைக் கடிதம் எழுதிய ஆசிரியர்களை நேரில் பார்த்து முடிவைச் சொல்லுங்கள், செப்டம்பரில் மீண்டும் கேட்பேன் என்றும் சொல்லிவைத்துவிடுங்கள். ஆய்வுக்கூடங்களில் திட்ட உதவியாளர் பணிக்கான அறிவிப்புகள் ஆண்டு முழுவதும் வருகின்றன. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களின் தனிப்பக்கங்களைப் பார்த்து, அவர்களின் ஒரு கட்டுரையையாவது படித்துவிட்டு நேரடியாக எழுதுங்கள்.